செம்போத்து கூவாத காலை

கேட்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சின்னவர்கள் மடிக்கு வரலாம், பெரியவர்கள் தரையில் உட்காரலாம்.

ஆறுகளுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம் அது. ராஜாக்களுக்குப் பெரிய மீசை இருந்தது, மீன்களுக்கு நல்ல ஞாபகம் இருந்தது, பனிக்கு மட்டும் இரக்கம் கிடையாது. அந்தக் காலத்தில் நெடுவாய் என்ற ஆற்றின் இக்கரையில் தாழந்துறை என்று ஓர் ஊர். அந்த ஊரில் மணி வார்க்கிற ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் ஆவுடை.

மாட்டுக் கழுத்து மணி, கோயில் கைமணி, யானைக்குக் கட்டுகிற மணி, எல்லாம் வார்ப்பாள். அவள் வார்த்த மணியை ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் கொஞ்ச தூரம் போய்விட்டு, எதையோ மறந்ததுபோலத் திரும்பி வந்து, இன்னொரு முறை காதைத் தொட்டுவிட்டுப் போகும்.

மணி எப்படிப் பிறக்கிறது தெரியுமா? முதலில் களிமண்ணில் ஒரு மணி செய்வார்கள். அதன்மேல் தேன்மெழுகைப் பூசுவார்கள். மெழுகுக்கு மேலே மறுபடியும் களிமண். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடம் வெறும் இடமாக நிற்கும். அந்த வெறும் இடத்துக்குள் செம்பும் வெள்ளீயமும் உருக்கி ஊற்றினால், ஆறிய பிறகு மண்ணை உடைத்து மணியை எடுக்கலாம்.

கேட்க எளிதுதான். ஆனால் ஊற்றுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுதான் எல்லாம். முந்தினால் உலோகம் போகிற வழியிலேயே உறைந்துபோகும். பிந்தினால் ஈயம் எரிந்துவிடும், மண் கூடு ஆறிவிடும். சூடான உலோகம் ஆறிய கூட்டுக்குள் விழுந்தால் மணி விரிசல் விடும்.

ஆவுடை முதன்முதலாகத் தனியே மணி வார்த்தபோது அவளுக்குப் பதினேழு வயது. கற்றுக்கொடுத்த அப்பா அந்த வருஷம்தான் கண்ணை மூடியிருந்தார். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாய் உடைந்த ஒரு பானையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். விடியற்காலையில் இருந்து ஒரு மனிதக் குரலையும் அவள் கேட்டிருக்கவில்லை. உலோகம் தயாரானபோது, பின்னால் இருந்த தாழம்புதரில் ஒரு செம்போத்து ஊப், ஊப், ஊப் என்று மூன்று முறை கூவியது. அவள் ஊற்றினாள்.

அந்த மணி அப்படி ஒலித்தது. கேட்டவர்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அன்றிலிருந்து ஆவுடைக்கு மூன்று நியமங்கள் உண்டாயின. ஒன்று, வாய் உடைந்த அந்தப் பானைத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். இரண்டு, மணி வார்க்கிற அன்று எழுந்ததில் இருந்து ஊற்றும்வரை மனிதக் குரல் காதில் விழக் கூடாது. மூன்று, செம்போத்து கூவினால்தான் ஊற்ற வேண்டும்.

ஊரும் ஒத்துப்போனது. அவள் உலையில் புகை கண்டால் ஓடக்காரர்கள் கைச்சைகையால் பேசிக்கொண்டார்கள். துறையில் குளிக்கிற பெண்கள் சண்டையைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்கள். ஆவுடை மணி வார்க்கிற அன்று பல்லிகூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சுவரில் ஏறும் என்று கேலி பேசினார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

அவள் நம்பி என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் என்பதால்தான் அவனைப் பிடித்தாள் என்று ஊர் சொன்னது. உலைக்குத் துருத்தி போட்டு ஊதுவது நம்பியின் வேலை. ஓலைத் தட்டிக்குப் பின்னால், தாழம்புதருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து ஊதுவான். மூன்று வருஷத்தில் அவர்கள் பதினெட்டு மணிகள் வார்த்தார்கள். பதினெட்டும் வாய் திறந்து பாடின.

அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கோமு என்று பெயர் வைத்தார்கள். எல்லா நியமத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். தொட்டிலில் கிடக்கிறவளுக்கு யார் சொல்வது?

கோமுவுக்கு எட்டு மாதம் ஆனபோது அரண்மனையில் இருந்து ஆள் வந்தான். போன மார்கழிப் பனியில் ஓர் ஓடம் திசை தெரியாமல் அருவிப் பக்கம் போய்விட்டது. ஏழு பேர் திரும்பி வரவில்லை. அதனால் துறையில் ஒரு பெரிய மணி கட்ட வேண்டும், பனி எத்தனை திரண்டாலும் அக்கரைவரை அது கேட்க வேண்டும், ஓடங்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர வேண்டும் என்று ராஜா சொன்னாராம். மூன்று மணி வார்க்க ஆகும் செம்பும் ஈயமும் வண்டியில் வந்து இறங்கின. மூன்றில் ஒன்று தேறினால் போதும்.

தேறாத மணியை உருக்கி மறுபடி வார்க்கிற வழக்கம் அந்தத் துறையில் இல்லை. ஊமை மணியை ஆற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மூன்று என்றால் மூன்றுதான்.

ஐப்பசியில் முதல் மணி. பானைத் தண்ணீர் குடித்தாயிற்று. ஊர் மௌனமாக இருந்தது. உலோகம் உருகி நின்றது. ஆவுடை இடுக்கியைப் பிடித்துக்கொண்டு செம்போத்துக்குக் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் கோமு விழித்துக்கொண்டு வீறிட்டாள். நம்பி துருத்தியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். செம்போத்து கூவவில்லை. வெகு நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் அவள் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மண்ணை உடைத்தார்கள். மணியில் தோளில் இருந்து விளிம்புவரை ஒரு விரிசல்.

ஆவுடை அதைக் கையால் தடவிப் பார்த்தாள். குழந்தை எப்படி அழுததோ அதே வடிவில் விரிசல் ஓடியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பயந்தவர் கண்ணுக்குக் கயிறெல்லாம் பாம்பு, விரிசலெல்லாம் அழுகை.

குழந்தையை எங்கே விடுவது? பக்கத்து வீட்டில் விட்டாலும் அழுகை கேட்கும், பக்கத்துத் தெருவில் விட்டாலும் கேட்கும். அந்த அழுகையைத் தடுக்கிற அகலம் ஆற்றுக்குத்தான் உண்டு. அக்கரையில் நம்பியின் தங்கை சடச்சி இருந்தாள். சின்னத் தோணி ஒன்று வைத்து மீன் பிடித்துப் பிழைக்கிறவள். பிள்ளை இல்லாதவள். பனியில் போன ஏழு பேரில் அவள் புருஷனும் ஒருவன்.

மணி தேறும்வரை மட்டும் வைத்துக்கொள் என்று ஆவுடை கேட்டாள். சடச்சி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தோணி நகர்ந்தது. கோமு சிரித்துக்கொண்டேதான் போனாள். தண்ணீர் அவளுக்குப் புதிது.

பிள்ளை போன வீடு எப்படி இருக்கும்? காற்றடிக்கும்போது காலித் தொட்டில் தானாக ஆடியது. ஆவுடைக்குப் பால் கட்டி மார் கனத்தது. அக்கரையில் கோமுவுக்குப் பசிக்கிற நேரம் இக்கரையில் அவள் சேலை நனைந்தது. குழந்தையின் உச்சந்தலை வாசனை தலையணை உறையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முகர்ந்து முகர்ந்து அதையும் அவளே தீர்த்துவிட்டாள்.

கார்த்திகையில் இரண்டாவது மணி. குழந்தை தொட்டில் துணி இல்லாமல் தூங்க மறுக்கிறாள் என்று சடச்சி சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கொண்டுபோகும்படி நம்பியை ஆவுடை அக்கரைக்கு அனுப்பினாள். துருத்தி ஊத ஓடக்காரன் பூவலிங்கம் வந்தான். அவன் வாயாடி, ஆனாலும் அன்று வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஊசி விழுந்தால் கேட்கிற மௌனம். உலோகம் உருகி, கொதித்து, பச்சைச் சுடர் விட்டது. செம்போத்து கூவவில்லை. வெயில் ஏறியது. கூவவில்லை. ஆவுடை நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் எங்கோ ஒரு காக்கை கரைந்தது. அதுவே போதும் என்று ஊற்றினாள்.

அந்த மணியில் விரிசல் இல்லை. தட்டிப் பார்த்தால் சத்தமும் இல்லை. பானையைத் தட்டினதுபோல் டொக்கென்றது.

இப்போது யாரைக் குறை சொல்வது? குழந்தை அக்கரையில், ஊர் மௌனத்தில், பானை அவள் கையில். யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அன்று காலையில் மனசுக்குள் குழந்தையின் குரலை நினைத்துவிட்டாள். நினைத்ததும் கேட்டதுதானே?

ஆகவே மூன்று நியமம் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. அக்கரைப் பக்கம் திரும்பக் கூடாது. தொட்டிலைப் பார்க்கக் கூடாது. கோமு என்ற பெயரை நினைக்கக் கூடாது.

நினைக்காமல் இருக்க முயன்று பாருங்கள். அன்றைக்கெல்லாம் அதுவேதான் ஞாபகம் வரும்.

நம்பி கடைசி ஓடத்தில் திரும்பி வந்தான். அவன் வந்த மறுநாள் பனி இறங்கியது. இனி மணி ஒலிக்கும்வரை ஆற்றில் ஓடம் விடக் கூடாது என்று ராஜாவின் ஆள் துறையில் கழி நட்டுக் கயிறு கட்டினான். எதிர்க்கரை இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது.

நம்பி வழக்கத்துக்கு மாறாகப் பேசினான். கோமுவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றான். பிறகு நிறுத்திவிட்டு, சடச்சியைப் பார்த்து அம்மா என்கிறாள் என்றான்.

 ஆவுடை கையில் இருந்த மெழுகை உருட்டிக்கொண்டே இருந்தாள். அது உருண்டையாகி, திரியாகி, அப்புறம் ஒன்றுமில்லாமல் விரலோடு ஒட்டிப்போயிற்று.

குழந்தையை அனுப்பியது அவள். இப்போது ஆற்றை மூடியிருப்பது பனி. பனியைத் திறக்க வேண்டுமானால் மணி வேண்டும். மணிக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு மூசை உலோகம். மூசை என்றால் உலோகம் உருக்குகிற மண் கிண்ணம்.

மார்கழியில் மூன்றாவது கூடு தயாரானது. ஊற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை ஆவுடை நம்பியைக் கூப்பிட்டு, ஒரு சட்டியைக் கையில் கொடுத்தாள். வயல் வரப்பில் போய் நத்தை பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னாள். செம்போத்துக்கு நத்தை என்றால் உயிராம். தாழம்புதர் அடியில் போட்டு வைத்தால் நாளைக்குத் தவறாமல் வருமாம். பெரிய நத்தையாகப் பார்த்துப் பொறுக்குங்கள், சின்னது வைத்தால் கோபித்துக்கொள்ளும் என்று சொன்னாள். அவள் கண் வீங்கியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம்பி போனான். அரைச் சட்டி நத்தையோடு திரும்பி வந்தான். புதருக்குப் போகவில்லை. அவள் முன்னால் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகிறான் என்று தெரிந்தது.

“ஆவுடை, இந்த நத்தையை நான்தான் தின்ன வேண்டும்” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“செம்போத்து நான்தான்” என்றான்.

உன் முதல் மணிக்குக் கூவியது நிஜமான பறவைதான் என்றான். கல்யாணம் ஆன பிறகு வார்த்த மணிக்கெல்லாம் கூவியது அவன். முதல் தடவை பறவை வராமல் அவள் தவித்ததைத் தட்டி வழியாகப் பார்த்திருக்கிறான். பொறுக்க முடியாமல் வாயைக் குவித்துக் கூவியிருக்கிறான். மணி நன்றாக வந்தது. அப்புறம் எப்படிச் சொல்வது? பதினெட்டு மணிக்கும் அவனே பறவை. ஐப்பசியில் கூவாமல் போனது, உள்ளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்ததால். கார்த்திகையில் கூவாமல் போனது, அக்கரையில் இருந்ததால்.

பானையும் அந்தப் பானை இல்லை. போன வருஷமே பூனை அதைத் தள்ளிவிட்டது. வேறு பானை வாங்கி வாயை அதேபோல் உடைக்கப் பார்த்ததில் மூன்று பானை பாழாயிற்று. நாலாவதுதான் ஏறக்குறைய வந்தது.

ஆவுடை சட்டியைப் பார்த்தாள். ஒரு நத்தை விளிம்பில் ஏறி, கொம்பை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே இறங்கியது.

மனிதக் குரலாவது காதில் விழாமல் இருந்ததா என்று அவள் கேட்டாள். அந்த ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தாள் போலும்.

அதுவும் இல்லை என்றான். உருகுகிற உலோகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளே முனகுவாளாம். வார்த்தை இல்லாத ஒரு ராகம். அவளுக்கே தெரியாதாம். குழந்தையைத் தூங்க வைக்கும்போது முனகுவதும் அதுவேதானாம்.

“பிள்ளையை அனுப்பின அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?” என்றாள் ஆவுடை. கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“சொன்னால் உன் கை தைரியம் போய்விடுமே என்று பயந்தேன்” என்றான். “நீ உன் மணிக்குப் பயந்தாய். நான் உனக்குப் பயந்தேன். நம் இரண்டு பேர் பயத்துக்கும் அவள் ஒருத்தி ஆற்றைக் கடந்து போனாள்.”

அவன் ஒரு வருஷத்துக்கு உண்டான பேச்சை அன்றைக்கே பேசித் தீர்த்துவிட்டான்.

ஆவுடை அழவில்லை. அவளுக்கு அழுகையைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. பறவையும் இல்லை, பானையும் இல்லை, மௌனமும் இல்லை என்றால், அப்புறம் என்னதான் இருந்தது? தேறினால் பறவை, தேறாவிட்டால் பிள்ளையின் அழுகை என்று இருந்தபோது, பாரம் அவள் தலையில் இல்லை. இப்போது முழுப் பாரமும் இரண்டு கையில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். சூட்டுத் தழும்பும் மெழுகுப் பிசுக்குமாக, சின்னக் கைகள்.

“நீங்கள் எப்போது கூவுவீர்கள்? எந்த நேரத்தில்?” என்று கேட்டாள்.

“எனக்கு உலோகம் தெரியாது, ஆவுடை. நான் உன் கையைத்தான் பார்ப்பேன். நேரம் வந்ததும் உன் கை இடுக்கியை இறுக்கும். இறுக்கிவிட்டு நீ நிமிர்ந்து புதரைப் பார்ப்பாய். அப்போது கூவுவேன்.”

பிறகு அவன் எழுந்துபோய் நத்தைகளை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தான்.

ஆவுடை யோசித்தாள். ஐப்பசி மணி ஏன் விரிசல் விட்டது? காத்திருந்ததில் கூடு ஆறிப்போயிற்று. கார்த்திகை மணி ஏன் ஊமையானது? காத்திருந்ததில் ஈயம் எரிந்துபோயிற்று. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். கேட்டது தானாக இருந்ததால் சொல்லத் தெரியவில்லை. குழந்தையின் அழுகையால் மணி விரிசல் விடவே இல்லை. பிள்ளை அழுதபோதும் ஆவுடையின் கை இறுகியிருந்தது. பறவை வரட்டும் என்று அவள்தான் நின்றாள்.

மறுநாள் காலை பனியோடு பனியாக உலைப் புகை எழுந்தது. ஊர் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டது. ஆவுடை துறைக்கு வந்து, பேசுகிறவர்கள் பேசலாம் என்றாள். யாரும் நம்பவில்லை. பூவலிங்கம்தான் முதலில் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் பேச ஆரம்பித்தான். பெண்கள் விட்ட சண்டையைத் தொடங்கினார்கள்.

ஆவுடை புதுப் பானையில் தண்ணீர் குடித்தாள். நம்பியிடம் துருத்தி மட்டும் போடுங்கள், கூவ வேண்டாம் என்றாள். கூவினால் கேட்டுவிடுவேன், கேட்டால் மறுபடி நம்பிவிடுவேன் என்றாள்.

உலோகம் உருகியது. சிவந்தது. பச்சைச் சுடர் விட்டது.

அவள் கை இடுக்கியை இறுக்கியது. பழக்கத்தில் கண் தாழம்புதருக்குப் போனது. புதரில் பனி மட்டும் இருந்தது.  இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று உள்ளே ஒன்று சொன்னது. தட்டிக்குப் பின்னால் நம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரத்தம் வந்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பயம் போகவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் போய் அவள் ஊற்றவில்லை. பயத்தோடேயே ஊற்றினாள்.

மூன்று நாள் மணி மண்ணுக்குள் ஆறியது. மூன்றாம் நாள் கூட்டை உடைத்து, கழுவி, துறையில் நாலு தூண் நட்டுத் தொங்கவிட்டார்கள். அதற்கு நாக்குக் கட்டிக் கயிற்றை ஆவுடையின் கையில் கொடுத்தார்கள்.

இழுத்தாள்.

சத்தம் பனிக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஒவ்வொருவர் காதையும் தொட்டுவிட்டு மறுபடி போனது. துறையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பூவலிங்கத்துக்குப் பேச வார்த்தை கிடைக்கவில்லை.

ஆனால் அக்கரைக்குப் போனதா? அதை யார் சொல்வது? வெள்ளைச் சுவர் அப்படியே நின்றது. பதில் இல்லை. ஆவுடை மறுபடி இழுத்தாள். மறுபடி. உள்ளங்கை கன்றியது. நம்பி கயிற்றைக் கேட்டான், தரவில்லை. கேட்டிருந்தாலும் சடச்சி வருவாளா? புருஷனை வாங்கிய பனி அது. அந்தப் பனிக்குள் யார் சத்தத்தை நம்பி அவள் தோணியை இறக்குவாள்?

ஒரு நாழிகை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நாலாம் நாழிகையில் தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டது. பனிக்குள் இருந்து முதலில் தோணியின் மூக்கு வந்தது. அப்புறம் சடச்சியின் கை. அப்புறம் அவள் முதுகோடு சேலையால் கட்டப்பட்ட ஒரு சின்னத் தலை.

“மதினி” என்றாள் சடச்சி, “நாலு நாழியாக உன் மணி கத்துகிறது. பிள்ளை கண்ணை மூட மாட்டேன் என்கிறாள். நீயே வைத்துக்கொள்.”

சொல்லிவிட்டு முதுகுக் கட்டை அவிழ்த்துக் குழந்தையை நீட்டினாள். அவிழ்க்கச் சடச்சிக்கு வெகு நேரம் ஆனது. முடிச்சு ஒன்றும் பெரிதில்லை. கொடுத்ததும் தோணிக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆவுடை கையை நீட்டினாள். எழுபது நாள் வெறுமையாக இருந்த கை.

கோமு அவளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. திரும்பிச் சடச்சியின் பக்கம் கையை நீட்டி வீறிட்டு அழுதாள்.

நேயர்களே, மணி தேறிவிட்டது. அன்று முதல் அந்த ஆற்றில் பனிக்கு ஒருவரும் பலியானதில்லை. ராஜா பட்டுச் சேலை அனுப்பினார். அது இன்னும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்கு ஆவுடைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் பிள்ளைக்குத் தான் அன்னியம்.

அவள் பிள்ளையை இறுக்கிப் பிடிக்கவில்லை. சடச்சியைப் போகவும் விடவில்லை. நீயும் இங்கேயே இரு, அவளுக்கு இரண்டு பேராக இருப்போம் என்றாள். சடச்சி, மீன் கழுவுகிற கையை உன் மெழுகில் வைக்காமல் இருந்தால் சரிதானே என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கேயே தங்கிவிட்டாள்.

முதல் நாள் கோமு ஆவுடையைப் பார்த்தாலே அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஆவுடை ஒரு மாட்டு மணியின் விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். வேலையில் ஆழ்ந்ததும், தன்னை அறியாமல் முனக ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாத அந்த ராகம்.

கோமு தவழ்வதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். எங்கேயோ கேட்டதுதான். தொட்டிலில் கேட்டது. அதற்கும் முன்னால், வயிற்றுக்குள் இருந்தபோது கேட்டது. பனிக்குள் மணியைத் தேடி வந்த தோணியைப்போல, கொஞ்சம் நின்று, கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் நின்று வந்தாள். வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆவுடையின் விரலைப் பிடித்து வாயில் வைத்து, புதிதாக முளைத்த இரண்டு பல்லாலும் நறுக்கென்று கடித்தாள்.

ஆவுடை விரலை எடுக்கவில்லை. முனகுவதை நிறுத்தவும் இல்லை. அரம் கீழே விழுந்த சத்தம் கேட்டு, தட்டிக்குப் பின்னால் நம்பி எட்டிப் பார்த்தான். தாழம்புதரில் எதுவோ ஊப், ஊப், ஊப் என்றது. அவள் நம்பியைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் விரித்து, நான் இல்லை என்று தலையை ஆட்டினான்.

பறவைதான். அதுபாட்டுக்குக் கூவியது. யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

கேட்டவர்களே, இதை மட்டும் மனசில் முடிந்துகொண்டு போங்கள்: தன் கை கற்ற வித்தையைச் சகுனத்தின் பேரில் ஏற்றி வைக்கிறவர், தனக்குப் பிரியமானதையே ஒருநாள் அந்தச் சகுனத்துக்குப் பலி கொடுப்பார்.